அரண்மனை முற்றத்தில் ஒரு கூடாரம்

தல் ரும்மான் ஊருக்கு நான் காஜியாகி இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. என்னிடம் வந்த வழக்குகளில் பாதி, வாய்க்கொழுப்பால் வந்தவை. ‘இந்தக் கழுதை நொண்டினால் என் பெண்டாட்டிக்குத் தலாக்’ என்று சந்தையில் ஒருவன் சத்தியம் செய்வான். மறுநாளே கழுதை நொண்டும். வீட்டில் அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள், இனி அவன் அந்நிய ஆண் ஆயிற்றே. அவன் என் வாசலில் வந்து தலையில் அடித்துக்கொள்வான்.

“கோபத்துல சொல்லிட்டேன் காஜியாரே!”

“கழுதையைப் பத்திப் பேசினா கழுதையோட நிறுத்த வேண்டியதுதானே? வீட்டுல தன்பாட்டுக்குக் கெடக்கறவளை எதுக்குடா சந்தைக்கு இழுத்தே?”

நன்றாகத் திட்டுவேன். திட்டி முடித்தபிறகு வழி தேடுவேன். கண்மண் தெரியாத கோபத்தில், என்ன சொல்கிறோம் என்கிற நினைவே இல்லாமல் சொன்ன தலாக் செல்லாது என்று என் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லா ஆலிம்களும் இதை ஒப்புவதில்லை. நான் ஒப்புகிறேன். ஆனால் சொன்னவன் தன் வாயால் இரண்டு சாட்சிகளுக்கு முன்னால், தெளிந்த புத்தியோடு, ‘அன்றைக்கு எனக்குப் புத்தி இல்லை’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். கழுதைக்காரன் கேட்காமலேயே நாலு தடவை சொன்னான். கசாப்புக்காரன் என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான். இருபத்திரண்டு வருடங்களில் அதைச் சொல்ல மாட்டேன் என்று நின்றவர் ஒரே ஒருவர். அவர்தான் எங்கள் அமீர் ஐதகீன்.

ஐதகீனைச் சின்ன வயதில் புல்வெளி நாட்டிலிருந்து பிடித்துவந்து, பல்லைப் பார்த்து, விலங்கோடு விற்றார்கள். சுல்தானின் அடிமைப் படையில் வாளும் வில்லும் குர்ஆனும் கற்றார். இருபது வயதில் விடுதலைப் பத்திரம் கிடைத்தது, முப்பதில் இந்த ஊர் கிடைத்தது. இதற்கு முன் இங்கே ஆண்டவரின் மகள்தான் அல்தூன் காத்தூன். நிக்காஹை நான்தான் நடத்தி வைத்தேன். பத்தொன்பது வருடங்களாக அவர் கோட்டை பிடிக்கப் போவார், இவள் ஊரைப் பார்த்துக்கொள்வாள். வாய்க்கால் மடையிலிருந்து மதில் கல் வரைக்கும் இவள் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், இரண்டும் தங்கவில்லை. அதன் பிறகும் இன்னொரு பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவர அவர் நினைத்ததில்லை. கேட்டவர்களை முறைத்தே அனுப்பிவிட்டார்.

அவர் பிடித்த கோட்டைகள் ஏழு. அதில் நாலு, அம்பு விடாமலேயே கதவைத் திறந்தவை. ‘வெளியே வாருங்கள், உங்கள் தலைமுடிக்குக்கூடச் சேதம் வராது’ என்று ஐதகீன் சத்தியம் செய்தால், உள்ளே இருப்பவன் நம்பிக் கதவைத் திறப்பான். அவர் சொன்னால் சொன்னதுதான். இந்தப் பெயரைச் சம்பாதிக்க முப்பது வருடங்கள் ஆயின என்று அவரே அடிக்கடி சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன கோடையில் காக்கைக் கோட்டையை முற்றுகை போட்டோம். நானும் போனேன், படைக்குக் காஜி வேண்டுமே. செங்குத்துப் பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கோட்டை அது. உள்ளே அறுபது பேர்கூட இருக்கமாட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் முஃப்லிஹ் என்கிற பல் போன கிழவன். கல் வீசும் பொறியை இழுத்துக்கொண்டு போனோம், அது வீசிய கல் பாதி உயரம் போய் எங்கள் தலைமேலேயே திரும்பி வந்தது. சுரங்கம் தோண்டினோம், பாறை. இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் காலையில் மேலேயிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. சரணாகதிக் கடிதம் என்று நினைத்து எல்லோரும் ஓடினோம். உள்ளே நூல் நூற்கும் கதிர் ஒன்றும் ஒரு கைப்பிடிப் பஞ்சும் இருந்தன.

“குளிர் வருதப்பா அமீரே!” என்று மேலேயிருந்து கத்தினான் கிழவன். “சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க, பொம்பளைங்க மாதிரி நூத்து ஒரு போர்வையாவது நெய்துக்கங்க!”

மதிலெல்லாம் சிரிப்பு. எங்கள் ஆட்களிலும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். ஐதகீனின் முகம் கறுத்தது. கதிரைக் காலில் போட்டு முறித்தார். வாயோரத்தில் நுரை. இரண்டாயிரம் பேர் கேட்கக் கத்தினார்.

“அந்தக் கோட்டைக்குள்ள உக்காந்து ரொட்டி தின்னாம என் வீட்டுக் கூரைக்குக் கீழே தலை சாய்க்க மாட்டேன்! சாய்ச்சா, என் அல்தூனுக்கு மூணு தலாக்!”

கழுதைக்காரன் செய்கிற காரியத்தை அமீர் செய்துவிட்டாரே! கிழவன் பழித்தது இவரை. நூறு மைலுக்கு அப்பால் கோதுமை அளந்துகொண்டிருந்தவளை எதற்கு இழுத்தார்? அன்றைக்கே, அப்போதே, கையைப் பிடித்துக் கூடாரத்துக்குள் இழுத்துப் போய்ச் சொன்னேன். “இப்பவே ரெண்டு பேரைக் கூப்பிடறேன். கோபத்துல புத்தி இல்லாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சது.”

“ரெண்டாயிரம் பேருக்கு முன்னாடி சொன்னதை ரெண்டு பேருக்கு முன்னாடி மாத்தறதா? பத்து நாள்ல கோட்டை நம்ம கையில. விடுங்க காஜியாரே.”

பத்து நாள் நாற்பது நாள் ஆயிற்று. மழை இறங்கியது. கல் வீசும் பொறி சேற்றில் புதைந்தது. எங்களோடு போருக்கு வந்த துருக்மேன் இடையர்கள், ஆடுகளைக் குளிர்கால மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டும் என்று ஒருநாள் காலையில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களை யார் தடுப்பது? ஆட்டுக்குக் காத்திருக்கத் தெரியாது. மிச்சப் படையோடு நாங்களும் திரும்பினோம். ‘வசந்தத்தில் மறுபடியும்’ என்றார் அமீர். திரும்பும்போது யாரும் பாட்டுப் பாடவில்லை.

ஊர் வந்தது, அரண்மனை வந்தது. வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்த ஐதகீன் குதிரையிலிருந்து இறங்கினார். படிக்கட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, “இங்கேயே கூடாரத்தை அடிங்க” என்றார்.

சொந்த அரண்மனை முற்றத்தில், கிணற்றுக்கும் குதிரைலாயத்துக்கும் நடுவே, அமீர் கூடாரம் போட்டு உட்கார்ந்த கதை இதுதான். நேர் மேலே அல்தூன் காத்தூனின் ஜன்னல். கீழேயிருந்து அந்த ஜன்னலுக்குப் போகத் தொண்ணூற்றாறு படிகள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஏறி இறங்கியது என் முழங்கால்தானே!

முதல்நாள் நான் மேலே போனபோது, காத்தூனுக்கு விஷயம் ஏற்கனவே தெரிந்திருந்தது. உட்காரச் சொன்னாள். மாதுளை நறுக்கிக் கொடுத்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

“ஏன் காஜியாரே, பந்தயம் வைக்க அவருக்குக் குதிரை இல்லையா? வாள் இல்லையா? அந்த வெள்ளிச் சேணம் என்ன ஆச்சு?”

“கோபம், அம்மா...”

“கோபம்னா தன்னையே வச்சுப் பந்தயம் கட்டட்டும். ‘நான் செத்துப்போறேன்’னு சொல்லட்டும். என்னைக் கேட்டாரா?”

“கீழே வந்து ஒரு தடவை பாத்துட்டாவது...”

“நான் இறங்க மாட்டேன். எனக்கு ஒண்ணும் பெரிசா வேண்டாம். நீங்க எல்லாக் கழுதைக்காரன்கிட்டேயும் கேக்கறதுதான். ‘அன்னிக்கு எனக்குப் புத்தி இல்லை.’ அதைச் சொல்லச் சொல்லுங்க. சொன்ன அடுத்த நிமிஷம் நானே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்.”

தொண்ணூற்றாறு படி இறங்கினேன். அமீர் கம்பளத்தில் உட்கார்ந்து வில்லுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னா?”

“புத்தி இல்லைன்னு சொல்லணுமாம்.”

“சாப்பிட்டாளா?”

“அதை நீங்களே போய்க் கேக்கலாமே! ஒரு வாக்கியம். அஞ்சாறு வார்த்தை. கசாப்புக்காரன் சொன்னான், அவன் இன்னும் கறி வித்துக்கிட்டுத்தான் இருக்கான், யாரும் அவனைப் பைத்தியம்னு சொல்லலை.”

“கசாப்புக்காரனை நம்பி யாரும் கோட்டைக் கதவைத் திறக்கறதில்லை காஜியாரே.” அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். “ஐதகீன் சத்தியம் பண்ணும்போது சில சமயம் அவனுக்குப் புத்தி இருக்காதுன்னு நாளைக்கு ஊர் ஊராப் பேசுவாங்க. அப்புறம் எவன் திறப்பான்? ஒவ்வொரு மதிலா ஏறணும். எத்தனை ஆள் சாவான்? அவங்க பெண்டாட்டிங்களுக்கு நீங்க போய் என்ன சொல்வீங்க?”

நியாயமான வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னபோது அவர் கண் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நியாயத்தோடு ஒரு மனிதர் இத்தனை முட்டாளாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்படியே இரண்டு மாதம் ஓடியது. நான் மேலே போவேன், “சொன்னாரா?” என்பாள். கீழே வருவேன், “என்ன சொன்னா?” என்பார். மதில் வடக்கு மூலை இடிந்தது, எந்தக் கொத்தனாரைக் கூப்பிடுவது என்பதைக்கூட என் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். கிழக்கு வாய்க்கால் உடைந்தது, அதற்கும் நான்தான். ஒருநாள் அவர் நறுக்கென்று ஒரு பதில் சொல்லி அனுப்ப, பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, அதை மென்மையாக்கிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து குரல் வந்தது. “மாத்தாம சொல்லுங்க காஜியாரே. எனக்கு அவர் பேச்சு எதுன்னு தெரியும், உங்க பேச்சு எதுன்னும் தெரியும்.”

ஆனால் தினமும் மதியம் மேலேயிருந்து ஒரு கிண்ணம் இறங்கும். கோதுமையையும் ஆட்டுக்கறியையும் குழையக் கடைந்த ஹரீஸா, மேலே நெய்யும் பட்டைத் தூளும். வேறு யார் சமைத்தாலும் பட்டை கூடிப்போகிறது என்று அமீர் குறை சொல்வார். இதை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் காலிக் கிண்ணத்தைத் துடைத்து அனுப்புவார். கிண்ணம் போகிறது, கிண்ணம் வருகிறது. வார்த்தை மட்டும் ஏற மறுக்கிறது. எனக்குக் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருக்கும்.

ஊர் சும்மா இருக்குமா? குளியல் கூடத்தில் நான் சூடான கல்லில் முழங்காலை நீட்டிப் படுத்திருந்தபோது ஆவிக்குள்ளிருந்து பேச்சு கேட்டது.

“அமீர் தன் வீட்டையே முற்றுகை போட்டிருக்காராமே?”

“ஆமாம். மேலே இருக்கறது காக்கைக் கோட்டையைவிடப் பலமாம்.”

“கல் வீசிப் பாத்தாரா?”

“அவர் எங்கே வீசறது? காஜியாரைத்தான் வீசறாங்க. மேலேயும் கீழேயும்.”

நான் எழுந்து உட்கார்ந்து இருமினேன். ஆவிக்குள் இருந்தவர்கள் தண்ணீரைக்கூட ஊற்றாமல் ஓடினார்கள்.

படைத்தலைவன் பக்ஜூரையும் ஒருநாள் பிடித்தேன். பதினைந்து வருடங்களாக அமீரோடு இருப்பவன், வாயைத் திறந்து பேசினால் கேட்பார் என்று நினைத்தேன். “நீயாவது சொல்லக் கூடாதா? உங்க முன்னாடி தலை குனியறதுக்குத்தான் கூச்சப்படறார். ‘சொல்லுங்க, நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்’னு சொல்லேன்.”

பக்ஜூர் தாடியைச் சொறிந்தான். “நினைக்க மாட்டோம்தான். ஆனா சொன்னா, நாங்க நினைப்போமோன்னு அவர் நினைச்சிட்டிருந்தது எங்களுக்குத் தெரிஞ்சிட்டதா ஆகிடுமே. வேண்டாம் காஜியாரே, அது மரியாதை இல்லை.”

இவர்களுடைய மரியாதையில் இடி விழ!

பிறகு பனி வந்தது. எங்கள் பக்கத்தில் பனி விழுவது அபூர்வம். அந்த வருடம் மூன்று நாள் விடாமல் கொட்டியது. கூடாரத் துணி கனத்துத் தொங்கியது. மூன்றாம் நாள் காலைத் தொழுகைக்கு அமீர் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், கம்பளத்தில் சுருண்டு கிடக்கிறார், உடம்பு கொதிக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. வைத்தியர் தூமா ஓடிவந்து நாடியைப் பிடித்தார். “நெஞ்சுல சளி இறங்கிடுச்சு. இந்த ஈரத்துல இன்னும் ஒருநாள் போட்டா ஆள் தங்க மாட்டார். நெருப்புப் பக்கத்துல கொண்டுபோங்க.”

கூடாரத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவனும் தொடவில்லை. பக்ஜூர் என்னைப் பார்த்தான். “அந்தச் சத்தியம்...?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல். “சத்தியம் கெடக்கட்டும். ஆளைத் தூக்குங்க.”

அல்தூன் காத்தூன். இரண்டு மாதமாக இறங்க மாட்டேன் என்றவள், பனியில் செருப்புக்கூட இல்லாமல் நின்றாள். தொண்ணூற்றாறு படியையும் ஓடியே வந்திருக்க வேண்டும், மூச்சு இரைத்தது.

“நினைவில்லாத மனுஷனை அடுத்தவங்க தூக்கிட்டுப் போனா சத்தியம் முறியாது!” என்று கத்தினேன். “அவர் மனசோட செஞ்சாத்தான் முறியும். தூக்குங்கடா மரமண்டைங்களா!”

தூக்கினார்கள். ஏறும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். “அம்மா, நினைவு வந்த நிமிஷம் வெளியே போயிடணும். தெளிஞ்ச பிறகு தன் இஷ்டத்துக்கு இங்கே தலையைச் சாய்ச்சார்னா, அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இல்லேன்னா அந்த வாக்கியத்தைச் சொல்லணும்.”

“சொல்வார்,” என்றாள். “சாவைப் பாத்துட்டு வர்ற மனுஷன் சொல்லாம இருப்பாரா?”

மூன்று நாள் அவர் அவளுடைய அறையில், கணப்புக்குப் பக்கத்தில் கிடந்தார். அவள் அசையவில்லை. நெற்றித் துணியை மாற்றுவாள், உதட்டில் தேன்தண்ணீர் தொட்டு வைப்பாள், தாடியைத் துடைப்பாள். தலையில் இருந்த முக்காடு தோளில் விழுந்து கிடந்தது, எடுத்துப் போடக்கூட நேரமில்லை. மூன்றாம் நாள் மதியம் நான் பக்கத்தில் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தபோது, கண் மூடியபடியே அவர் பேசினார். தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் விழ.

“அல்தூன். அன்னிக்கு எனக்குப் புத்தியே இல்லை.”

அவள் துள்ளி எழுந்தாள். “கேட்டீங்களா? காஜியாரே, கேட்டீங்கள்ல? சொல்லிட்டார்!”

“கேட்டேன் அம்மா. ஆனா காய்ச்சல்ல, நினைவில்லாம சொன்னது... வாக்குமூலத்துக்குத் தெளிஞ்ச புத்தி வேணும்.”

என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “புத்தி இல்லாதப்போ ‘எனக்குப் புத்தி இல்லை’ன்னா செல்லாது.”

“செல்லாது.”

“புத்தி வந்துட்டா சொல்ல மாட்டார்.”

“இதுவரைக்கும் சொல்லலை.”

“என்ன சட்டம் இது காஜியாரே?” சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

“சட்டத்து மேல குத்தமில்லை அம்மா,” என்றேன். என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது. “ஆள் மேலதான்.”

மறுநாள் முற்பகலில் காய்ச்சல் இறங்கியது. அவர் கண் திறக்கப்போகிறார் என்று தூமா சொன்னதும் நான் ஆள் அனுப்பி இரண்டு சாட்சிகளை வரவழைத்தேன், பக்ஜூரும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் தாவூதும். நாலு பேர் தூக்குக் கட்டிலோடு வாசலில் தயாராக நின்றார்கள். கீழே கூடாரத்தில் நெருப்பு மூட்டி, கம்பளம் இரட்டையாக விரித்துவைக்கச் சொல்லியிருந்தேன். இரண்டு வழிக்கும் ஏற்பாடு. இதற்குமேல் ஒரு காஜி என்ன செய்வான்?

ஐதகீன் கண் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு அவளை. அவர் முகத்தில் வந்த ஒளியை நான் மறக்கமாட்டேன். இரண்டு மாதம் அண்ணாந்து பார்த்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம் என்று புரிந்துகொண்ட முகம்.

“அமீரே,” என்றேன் அவசரமாக. “உங்களை நினைவில்லாம தூக்கிட்டு வந்தோம். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை. இப்போ ரெண்டே வழி. காய்ச்சல்ல நீங்களே ஒரு வார்த்தை சொன்னீங்க. அன்னிக்குப் புத்தி இல்லைன்னு. அதை இவங்க ரெண்டு பேர் கேக்க இன்னொரு தடவை சொல்லிடுங்க.”

“சொல்லுங்க,” என்றாள் அல்தூன். அவர் கையைப் பிடித்திருந்தாள். “எனக்காக ஒரே ஒரு தடவை. அப்புறம் வாழ்நாள் பூரா நான் அதைப் பத்திப் பேசமாட்டேன்.”

அவர் வாய் அசைந்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அல்லாஹ் மேல் ஆணை, சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அப்போது பக்ஜூர், மரியாதை தெரிந்த மடையன், அமீர் சங்கடப்படக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அதை ஐதகீன் பார்த்தார்.

“காய்ச்சல்ல ஆயிரம் உளறியிருப்பேன்,” என்றார். “அன்னிக்கு நான் தெளிஞ்ச புத்தியோடதான் சத்தியம் பண்ணினேன். இப்பவும் தெளிஞ்ச புத்தியோடதான் சொல்றேன். எழுதிக்கங்க.”

சாட்சிகள் கேட்டுவிட்டார்கள். இனி அவரே மாற்றிச் சொன்னாலும் ஏற்க முடியாது.

அல்தூன் அவர் கையை விட்டாள். “சரி. அப்போ கிளம்புங்க. உங்க கூடாரத்துக்குப் போங்க. எனக்குப் புருஷனாவே இருங்க. நான் தினமும் கீழே வர்றேன், அங்கேயே உக்காந்து பாத்துக்கறேன். போதுமா? நான் தோத்துட்டேன், போங்க.” கட்டில்காரர்களைப் பார்த்துக் கையசைத்தாள். “தூக்குங்க.”

அவள் இறங்கிவந்துவிட்டாள். பத்தொன்பது வருடப் பழக்கத்தில், வீராப்பை விட்டுக்கொடுத்தவள் அவள்தான். ஒரு தூக்குக் கட்டில், நாலு ஆள், தொண்ணூற்றாறு படி. அவ்வளவே பாக்கி.

நாலு பேரும் நெருங்கினார்கள்.

“தொடாதே,” என்றார் ஐதகீன். “என் படையே முற்றத்துல நிக்குது. பொணம் மாதிரித் தூக்கிட்டுப் போவீங்களா? நான் நடந்து போறேன்.”

“நடக்கற நிலையிலயா இருக்கீங்க?” என்றார் தூமா.

“அமீரே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், தூக்க விடுங்க!” என்றேன் நான்.

அவர் காதில் வாங்கவில்லை. போர்வையைத் தள்ளினார். கணப்புக் கல்லைப் பிடித்து எழுந்தார். கால் வெடவெடவென்று நடுங்கியது. ஒரு அடி வைத்தார். இரண்டு. மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தார், மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். கட்டில்காரர்கள் மறுபடி ஓடிவந்தார்கள். கையால் தள்ளிவிட்டார். அதை எல்லோரும் பார்த்தோம். நினைவோடு, தெளிவோடு, தள்ளிவிட்டார்.

“அவசரப்படுத்தாதீங்க,” என்றார். அப்படியே பின்னால் சாய்ந்து, அவள் தலையணையை எடுத்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டார். “கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போறேன்.”

கணப்பில் விறகு வெடித்தது. அல்தூன் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதுவே தீர்ப்பாயிற்று.

அவள் தோளில் விழுந்து கிடந்த முக்காட்டை எடுத்தாள். தலைமேல் போட்டாள். நெற்றிக்கு இழுத்தாள், பிறகு முகம் முழுவதும் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்று நாள் அவர் தாடியைத் துடைத்த கையையும் அதற்குள் மறைத்துக்கொண்டு, எழுந்து, சுவரோரம் போய் நின்றாள்.

ஐதகீன் கண் திறந்தார். அந்த முக்காட்டைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“அல்தூன்,” என்றார்.

பதில் இல்லை.

“அல்தூன், கொஞ்ச நேரம்னுதானே சொன்னேன்.”

கணப்போரத்தில் அன்றைய கிண்ணம் மூடி வைத்திருந்தது. அவர் எழுந்ததும் கொடுப்பதற்காக விடியற்காலையில் அவளே கடைந்தது.

“காஜியாரே,” என்றாள் முக்காட்டுக்குள்ளிருந்து. “அமீரவர்களுக்கு ஹரீஸா ஆறிடும். சாப்பிடச் சொல்லுங்க.”

அவர்கள் இருவருக்கும் நடுவே நாலடிகூட இல்லை. ஐதகீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யார் சொல்வது? நான்தான் சொன்னேன்.

“ஹரீஸா ஆறிடுமாம், அமீரே. சாப்பிடச் சொல்றாங்க.”